ஹாஜியாரின் தோட்டத்தில் கேட்ட குரல்

நம்புங்கள் என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. போன வருஷம், எனக்கே நடந்தது. அதுவும் வெயில் இருக்கும்போதே.

ஓசூரில் நான் ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தோட்டங்களைத்தான் விசாரிப்பேன். இலங்கைக்குச் சுற்றுலா போயிருந்தபோது, மட்டக்களப்பில் ஆட்டோ ஓட்டிய றிப்ஷானிடமும் அதையே கேட்டேன்.

"காத்தான்குடிப் பக்கம் வாவிக்கரையில மஜீட் ஹாஜியார்ர தோட்டம் இரிக்கி, அக்கா. கட்டார் நாட்டுல இருந்து வந்து கட்டினது. கேட்டா உள்ள விடுவார்."

மாலை நான்கரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உயரமான இரும்பு கேட். உள்ளே பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை ரோஜா. உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் ரோஜாவை இப்படி வளர்ப்பது லேசான காரியமில்லை. நடுவில் நீல ஓடு பதித்த நீரூற்று. தோட்டத்தின் கோடியில், வாவி என்று அவர்கள் சொல்லும் காயலுக்குள் இறங்கும் கருங்கல் படிகள். எழுபதைத் தாண்டிய ஹாஜியார், ரோஜாச் செடிகளுக்கு நடுவே குந்தியிருந்து கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவசரமில்ல, ஆறுதலாப் பாருங்க புள்ள," என்றார். மறுபடியும் வேலையில் குனிந்துவிட்டார்.

றிப்ஷான் உள்ளே வரவில்லை. கேட்டிலேயே நின்றுகொண்டார்.

படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி நின்றாள். பத்து வயதிருக்கும். மஞ்சள் சட்டை. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

"ஆன்டி எந்த ஊர்?"

கரகரத்த குரல். சளி பிடித்தது போல.

"ஓசூர்," என்றேன். பிறகுதான் உறைத்தது. அவள் நன்றாகத் தள்ளி நிற்கிறாள். குரல் என் காதருகே கேட்டது…

காற்றுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கிட்டே போனேன். அவள் பாத்திக்குள் நின்றிருந்தாள். அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிய மண். என் செருப்பு புதைந்தது.

அவளைச் சுற்றி ஒரு கால்தடமும் இல்லை.

"வாப்பாட்ட ஒண்டு கேப்பீங்களா?"

உதடு அசைந்தது. சொல் முடிந்த பிறகு அசைந்தது…



"என்னம்மா?"

"நான் கூப்பிட்டன். வாப்பா திரும்பிப் பாக்கல்ல. என்னோட கோவமா எண்டு கேளுங்க."

டக்… டக்…

பின்னால் ஹாஜியாரின் கத்தரிக்கோல். ஒரு கணம் அவர் பக்கம் திரும்பினேன்.

மறுபடி பார்த்தேன்.

யாருமில்லை.

அவரிடம் ஓடினேன். மூச்சு வாங்கியது. "உங்க பொண்ணு… மஞ்சள் சட்டை போட்ட பொண்ணு… கூப்பிட்டாளாம். நீங்க திரும்பிப் பார்க்கலையாம். கோவமான்னு கேக்கச் சொன்னா."

கத்தரிக்கோல் நின்றது.

என் பக்கம் திரும்பாமலே அவர் கேட்டார். "அவட குரல் எப்பிடி இருந்திச்சி, புள்ள?"

"கரகரப்பா… மெதுவா இருந்துச்சு."

"வாப்பா எண்டு… சொன்னாவா?"

"சொன்னா."

தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தமே வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னேன். றிப்ஷான் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அது ஸாதியா. ஹாஜியார்ர ஒரே மகள். நான் சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள, அந்தப் படியில வழுக்கி வாவிக்குள்ள உழுந்து, மூழ்கி மவுத்தாப் போன. ஹாஜியார் பக்கத்துலதான் ரோசாக் கண்டு நட்டுக்கிட்டு இருந்தவர். தண்ணி மோட்டர் ஓடிச்சி. அவருக்கு ஒண்டும் கேக்கல்ல."

"அவ கத்தலையா?"

"எப்பிடிக் கத்துற, அக்கா? பிறவியிலயே பேச்சு இல்லாத புள்ள. ஒரு சொல்லும் பேசினதில்ல."

 அந்த மனிதரை அப்படியே விட்டு வந்தது பொறுக்கவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

கேட் திறந்தே கிடந்தது. இந்த முறை றிப்ஷானும் என்னோடு உள்ளே வந்தார். வெளிச்சம் மங்கியிருந்தது. ஹாஜியார் கடைசிப் படியில், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கோவமில்ல மகள்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "வாப்பாக்குக் கேக்கல்ல. கேட்டிருந்தா வந்திருப்பன்."

அப்போது…

"வாப்பா…"

ரோஜாக்களுக்குள்ளிருந்து. அவருக்குப் பின்னாலிருந்து.

றிப்ஷான் என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

"வாப்பா…"

ஹாஜியார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.