டாக்டர் தெய்வானையின் வண்டியில் இருந்த சத்தம்

செய்தி நம் பழைய கார்க் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. யாரோ ஒருவர் கார்புரேட்டர் படம் போட்டு, விலைக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே டாக்டர் தெய்வானையின் படம். அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். காலையில் எழுந்திருக்கவில்லையாம். துடியலூரில் காய்கறிக் கடை வாசலில் பையோடு நின்றபடி படித்தேன். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்படி ஒரு செய்தி வந்தால் நான் முதலில் கூப்பிடுகிற ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் எல்லோரும் அவரை அறிவீர்கள். உடுமலைப்பேட்டையில் நெடுங்காலம் பல் வைத்தியம் பார்த்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஓய்வு பெற்றபின் கவுண்டம்பாளையத்தில் தனி வீடு பார்த்துக்கொண்டு வந்தவர். அப்பா விட்டுப்போன வண்டியைத் தானே ஓட்டி நம் கூட்டத்துக்கு வருவார். ஆண்கள் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசும்போது ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்பார். பல் டாக்டர் கடலைமிட்டாய் தின்னலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டதற்கு, "என்ற பல்லுங்க, நானே பாத்துக்குவேன்" என்றார். என்னை உங்களுக்கு முகம் மட்டும் தெரியும், அவ்வளவுதான். கணவர் போனபின் அவருடைய வண்டியை விற்க மனமில்லாமல், அதற்காகவே உங்கள் கூட்டத்தில் சேர்ந்தவள்.

எங்கள் பழக்கம் ஒரு சத்தத்தில் ஆரம்பித்தது. என் வண்டியின் டாஷ்போர்டுக்குள்ளிருந்து 'டொக், டொக்' என்று வரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும், வலது பக்கம் திரும்பும்போதும் வரும். நேரான சாலையில் வராது. உங்களிடம் கேட்டேன். ஸ்பீடாமீட்டர் கேபிள் காய்ந்திருக்கும் என்றார் ஒருவர். கேபிளை மாற்றினேன், சத்தம் மாறவில்லை. வைப்பர் மோட்டார் ஆடுகிறது என்றார் இன்னொருவர். அதையும் முறுக்கினோம். மூன்றாமவர், "பழைய வண்டின்னா அப்படித்தானுங்க மேடம், பாட்டுப் போட்டுக்குங்க" என்றார். பெயரைச் சொல்லவில்லை, அவருக்கே தெரியும். என் மகன் வெளிநாட்டிலிருந்து போனில், "வித்துப்போடுங்கம்மா, எதுக்கு இந்த ரோதனை" என்றான். வீட்டில் நான் ஒருத்தி. அந்த வண்டியும் போய்விட்டால் வெளியே போக ஒரு காரணமும் இருக்காது. இது அவனுக்குப் புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

டாக்டர் மட்டும் ஆலோசனை சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, வண்டியை எடுங்க. நான் கேக்கோணும்" என்றார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையம் வரை போய்த் திரும்பினோம். ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வந்து, ஒரு வேகத்தடையில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினேன். "தூங்கலீங்க" என்றார் கண்ணைத் திறக்காமலே.

வீடு வந்ததும் கைப்பையிலிருந்து பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியையும் பஞ்சுச் சுருளையும் எடுத்தார். அவருடைய முறை அதுதான். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஆடக்கூடிய ஓர் இடத்தில் பஞ்சை அடைப்பது, ஓட்டிப் பார்ப்பது, சத்தம் நிற்காவிட்டால் அதை எடுத்துவிட்டு வேறிடம் போவது. ஒரு ஞாயிற்றுக்கு ஓர் இடம்தான். எல்லா இடத்திலும் ஒரே நாளில் அடைத்துவிட்டால் என்ன என்று பொறுக்காமல் கேட்டேன். "அடைக்கலாமுங்க. சத்தம் நின்னுரும். எது சரியாச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். இன்னொரு நாள், "வலிக்கிற எடம் வேற, கெட்ட பல்லு வேறீங்க. கை வெச்சுக் காட்டுனாங்கன்னு அதையே புடுங்கிப்போட்டா, நாளைக்கும் அதே வலியோட வந்து நிப்பாங்க" என்றார். வாரம் முழுக்க நான் ஞாயிற்றுக்குக் காத்திருந்தேன். அவருக்குப் பிடித்த சந்தகையை அன்று காலையில் பிழிந்து வைப்பேன். இரண்டு பேருக்குச் சமைத்து ரொம்ப நாள் ஆகியிருந்ததால், முதல் தடவை மாவு குறைந்துபோனது.

பல வாரம் கழித்து அவர் வேறொன்று செய்தார். கண்ணாடியின் பிடியால் டாஷ்போர்டுக்குள் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டினார். தகடு ஒரு மாதிரி ஒலித்தது, கம்பி ஒரு மாதிரி. "நம்மு சத்தம் இரும்பு இல்லீங்க அம்மணி. மரமாட்டம் இருக்குது" என்றார். வண்டியின் முன்பக்கம் முழுக்கத் தகடு, மரமே கிடையாது. டாஷ்போர்டில் இருக்கிற கிளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, தலையை உள்ளே கொடுத்து, கண்ணாடியை மேலே செலுத்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

மேலே ஒயர்களைத் தாங்குகிற பட்டியில் ஒரு விரலி மஞ்சள் கட்டியிருந்தது. காய்ந்து கட்டையாகிப்போன மஞ்சள். கட்டியிருந்த நூல் தளர்ந்து, அது தகட்டில் மோதிக்கொண்டிருந்தது. நூல், மில் நூல். முடிச்சும் மில்லில் அறுந்த நூலைச் சேர்க்கப் போடுகிற முடிச்சு. என் கணவர் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். வேறு யார் கட்டியிருக்க முடியும்? அவர் ஆயுள் முழுக்கச் சாமி கும்பிடாதவர். வண்டி வாங்கியபோது ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட வேண்டும் என்று நான் அழாத குறையாகக் கேட்டேன். "இரும்புக்கு எதுக்குப் பூசை" என்று சிரித்தார். அதற்காக நான் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். நான் ஓட்டக் கற்றுக்கொண்டு தனியாக வண்டி எடுக்க ஆரம்பித்தபோது எனக்குக் காப்பாகக் கட்டினாரோ என்னவோ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுசன். வண்டிக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

டாக்டர் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, ரோட்டில் போகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைச் சிந்தி முடித்தபின்தான் வந்தார். "கழட்டட்டுங்களா, இருக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். இருக்கட்டும் என்றேன். மஞ்சளைச் சுற்றிப் பஞ்சு வைத்து, பழைய முடிச்சை அவிழ்க்காமல் மேலே இன்னொரு நூல் போட்டு இறுக்கினார். ஓட்டிப் பார்த்தோம். சத்தம் நின்றுவிட்டது. "சரியாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஏன் வர வேண்டும்? சத்தம்தான் நின்றுவிட்டதே. காரணம் இல்லாமல் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்ல நம் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. "சும்மா ஒருநாள் வாங்க" என்போம். அவர்களும் "வாரேனுங்க" என்பார்கள். சும்மா யாரும் வருவதில்லை, சும்மா யாரும் போவதுமில்லை. போனை எடுப்பேன், என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிடுவேன். கணவர் போன பிறகு பழகிக்கொண்டதாக நினைத்த தனிமை அந்த நாட்களில்தான் என்னை உண்மையாக வாட்டியது. சத்தமில்லாத வண்டியில் பெரியநாயக்கன்பாளையம் வரை போய், டீ கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

மழைக்காலம் முழுக்க இப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டார். "அம்மணி, என்ற வண்டியில ஒரு சத்தமுங்க. வந்து கேட்டுப்போட்டுப் போறீங்களா?"

போனேன். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். எவ்வளவு உற்றுக் கேட்டாலும் ஒன்றும் இல்லை. என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வேகத்தடையில் ஏற்றி இறக்கிவிட்டு, "கேட்டுச்சுங்களா?" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருடைய வாயைத் திறக்க வைத்தவர், தன் வாயால் ஒன்றைக் கேட்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க," என்றேன். "லேசாக் கேக்குதுங்க. ஸ்பீடாமீட்டர் பக்கமுங்க."

"அதானுங்களே," என்றார். "நானும் அங்கதான்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் தேடினோம். அவருடைய முறைப்படியே, ஒரு நாளைக்கு ஓர் இடம். ஊருக்குள் கேட்காத சத்தம் நீண்ட ரோட்டில் கேட்கும் என்று உடுமலை வரை போனோம். ஒரு தடவை என் வண்டியை எடுத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போய், முன்பு போடாத பூசையையும் போட்டுவிட்டு வந்தோம். ஒருநாள் அவர் வண்டியில் உண்மையாகவே ஒரு சத்தம் வந்தது. எனக்குத் திக்கென்றது. இறங்கிப் பார்த்தால் சைலன்சர் கிளாம்ப் தளர்ந்திருந்தது. ரோட்டோரப் பட்டறையில் முறுக்கிக்கொண்டு ஏறினோம். கொஞ்ச தூரம் போனபின், "இது அது இல்லீங்க" என்றார் டாக்டர். "இல்லவே இல்லீங்க" என்றேன் நானும். கடைசிவரை அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. மரியாதை கருதி இப்படியும் இரண்டு கிழவிகள் பொய் சொல்லிக்கொள்வார்களா என்று கேட்டால், எங்கள் ஊரில் சொல்வார்கள்.

காரியத்துக்கு உடுமலை போயிருந்தேன். சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தபோது டாக்டரின் அண்ணன் மகன் பக்கத்தில் வந்தார். "உங்களைத்தானுங்க பாக்கோணும்னு இருந்தேன். அத்தை வண்டியை ஒருத்தர் கேக்கறாருங்க. நல்லா ஓட்டிப் பாத்தாரு, ஒரு சத்தமும் இல்லைங்கறாரு. அத்தை என்னமோ சத்தம் வருதுன்னு வாராவாரம் உங்களைக் கூட்டிட்டுப் போவாங்களே. என்ன சத்தமுங்க அது? வாங்கறவர்கிட்ட மறைச்சுக் குடுக்கக் கூடாது பாருங்க" என்றார். நல்ல பிள்ளை.

"குறை ஒண்ணும் இல்லீங்க, தைரியமாக் குடுங்க," என்றேன். "அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தானுங்க கேக்கும்."

அவர் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போனார்.

அந்த வண்டியை வாங்கப்போகிறவர் உங்களில் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சந்தோஷம். நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கண்ணாடியை, நாற்காலியை, வேறு எதையும் நான் கேட்கவில்லை. டாக்டர் தெய்வானையிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தச் சத்தம் ஒன்றுதான். அது கேட்கிறது என்று சொல்ல இதுவரை இரண்டு பேர் இருந்தோம். இனி நான் ஒருத்திதான்.