பெட்டிக்குள் மூன்று சுரம்

மார்லிஸ் டோலஃப்சனின் பிடிவாதம் கல்லூரி முழுக்கப் பிரசித்தம். பெரிய பல்கலைக்கழகங்கள் வலிய வந்து அழைத்தும், மினசோட்டாவின் அந்தச் சின்னக் கல்லூரியை விட்டு அந்த மூளை அறிவியல் பேராசிரியை நகரவில்லை. பட்டப்படிப்புப் பிள்ளைகள் கையில் ஆட்டு மூளையைக் கொடுத்து அறுக்கச் சொல்வதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். எவனாவது மயங்கிச் சரிந்தால், "மூளையப் பாத்தா மயங்குறே? அது இல்லாதவனப் பாத்து மயங்குடா!" என்பார்.

ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தவை குருவிகள்தாம். குஞ்சு தகப்பனிடம் கேட்டுத்தான் பாடப் பழகும். மார்லிஸ் குஞ்சுகளைச் சத்தமே நுழையாத பெட்டிகளில் தனித்தனியாக வளர்த்தார். எதையும் கேளாமல் வளர்ந்தவை உளறத்தான் வேண்டும். உளறின. ஆனால் அந்த உளறலுக்கு நடுவே ஒவ்வொன்றும் இறங்கிவரும் அதே மூன்று சுரத்தைப் பாடியது. தகப்பன் செத்த பிறகு முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சும் அதையே பாடியது. கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டது. பாட்டின் விதை பிறவியிலேயே மூளையில் இருக்கிறது என்று மார்லிஸ் எழுதினார். இருபது வருட உழைப்பும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நின்றது.

வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் எந்தக் குருவியும் அதைப் பாடித் தொலைக்கவில்லை. "கைராசி வேணும்யா," என்று சிரித்து மழுப்பினார்.

பெட்டிக் கதவைத் திறந்து இரை வைக்கும்போது கிண்ணச் சத்தம் விழும் என்று ஒலிப்பதிவை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். இரை வைப்பது மார்லிஸ் மட்டும்தான், வேறு யாரையும் அண்டவிட மாட்டார். அந்தப் பிப்ரவரியில் கடைசி வருட மாணவி ஜூனி வாங் பதிவை நிறுத்த மறந்துபோனாள். மறுநாள் மதியம் முகம் வெளுத்து வந்து நின்றாள்.

"புரொபசர், பெட்டிகிட்ட யாரோ இருக்காங்க."

"என்னடி உளர்றே?"

ஜூனி பதிவை ஓடவிட்டாள். கிண்ணம் இடறும் ஒலி. பிறகு, மிக மெதுவாக, உதட்டிடுக்கில் கசியும் சீழ்க்கை. அதே மூன்று சுரம். குஞ்சிடமிருந்து சத்தமே இல்லை.

 மார்லிஸுக்குக் கோபம் பொங்கியது. "எவளோ உள்ள புகுந்திருக்கா! இத்தனை வருஷத்தையும் நாசம் பண்ணிட்டாளே, பாவி! பெட்டி ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

"உங்ககிட்ட மட்டும்தான். நீங்க... சீழ்க்கை அடிப்பீங்களா புரொபசர்?"

"நானா? நல்லா கேட்டே போ! எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது."

சொன்ன வேகத்தில் பெட்டி அறைக் கதவருகே போய்க் குனிந்தார். யாராவது நெம்பித் திறந்த தடம் இருக்கிறதா என்று பூட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஜூனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். 

"புரொபசர்... இப்பவும் அதத்தான் அடிக்கிறீங்க."

மார்லிஸின் உதடுகள் குவிந்தபடியே நின்றுபோயின.