கியர்பாக்ஸ் தவிர வேறெதுவும் கேட்காத காது

ஒரகடத்தில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குச் சத்தம் கேட்கிற வேலை. லைனிலிருந்து வரும் கியர்பாக்ஸை ஒரு கண்ணாடி அறைக்குள் மோட்டாரில் மாட்டிச் சுற்றவிடுவார்கள். மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். எட்டு வருடமாக இதே பிழைப்பு. என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

நான் குடியிருப்பது குன்றத்தூர் போகிற வழியில், ஒரு அக்கா வீட்டு மாடியில். அக்கா கீழே சமைத்து, தன் பிக்கப் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போய் இரண்டு ஹாஸ்டல்களுக்கு மதியச் சாப்பாடு இறக்குவார். வீடும் பிள்ளைகள் படிப்பும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே தங்கி ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பன்னிரண்டரைக்குள் சாப்பாடு போயாக வேண்டும். ஒரு நாள் தவறினால் பொறுப்பார்கள். அடுத்த நாளும் தவறினால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ கியர்பாக்ஸ் கம்பெனிதானே? வண்டி இன்னா கத்து கத்துது பாரு. நாளிக்கு ஹாஸ்டலுக்கு சாப்பாடு இல்ல. நாளிக்கே பாத்துட்டா தேவல."

"நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்றேன்.

ஞாயிறு காலையில் இருங்காட்டுக்கோட்டை சர்வீஸ் ரோட்டில் இருந்த ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். வீட்டுக்கார அக்கா வண்டி என்று சொன்னேன். மெக்கானிக் போனட்டைத் திறக்கவே இல்லை. நியூட்ரலில் வைத்துக் கிளட்சை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். அடியில் கரகரவென்று இரைந்தது. விடச் சொன்னார். சத்தம் நின்றுவிட்டது.

"மிதிச்சா கத்துது, வுட்டா கம்முனு ஆயிடுது. கிளட்சுல கீற ரிலீஸ் பேரிங் சார். கியர்பாக்ஸை எறக்கி மாத்திட்டா சாயங்காலம் வண்டி ரெடி."

"இல்லண்ணே, கியர்பாக்ஸுக்குள்ள உள்ள பேரிங்கு. திறந்து பாத்துருங்க."

"எறக்கத்தான் சார் போறோம், தொறக்கறது எதுக்கு? உள்ள பேரிங்னா கிளட்ச வுட்டாதானே கத்தணும்?"

அவர் சொன்னது சரி என்று அங்கேயே எனக்கு உறைத்துவிட்டது. எங்கள் கண்ணாடி அறையில் கிளட்ச் பெடலே கிடையாது. மோட்டார் சுற்றும், கியர்பாக்ஸ் இரையும், அவ்வளவுதான். எட்டு வருடம் அதை மட்டுமே கேட்ட காதுக்கு, எது கத்தினாலும் கியர்பாக்ஸ்தான். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் டீ கிளாஸும் கையுமாக நாலு டிரைவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி டீஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு ஷெட் மெக்கானிக்கிடம் தோற்று நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் பாக்குற சோலியே இதுதாம்ணே. திறங்க."

"சரி சார்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

திறந்தார். உள்ளே எல்லாம் புதுசு போல இருந்தது. அந்த டிரைவர்களில் ஒருவர் சிரித்தார். திறந்ததை மூட ஆயில் சீல் வேண்டும். ஞாயிறு கடை இல்லை, திங்களன்று வந்த சீல் அளவு சேரவில்லை. புதன் சாயங்காலம்தான் நான் போய் வண்டியை எடுத்து வந்தேன். மாற்றியது அவர் முதலில் சொன்ன அந்த ஒரு பேரிங் மட்டும்.

அந்த மூன்று நாளும் அக்கா தெருவில் நின்று லோடு ஆட்டோ தேடியிருக்கிறார். அந்த நேரத்தில் ஆட்டோக்கள் எல்லாம் கம்பெனி டிரிப்பில் இருக்கும். மூன்று நாளும் சாப்பாடு தாமதம். பெரிய ஹாஸ்டல் கையைவிட்டுப் போய்விட்டது.

வண்டியை நிறுத்தியதும் அக்கா வெளியே வந்தார். அழுத முகம். "ஒரு பேரிங் மாத்த நாலு நாளா தம்பி? அந்த ஆளுதானே இழுத்தடிச்சான்?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமாக்கா" என்றேன்.

அதோடு அக்கா விடவில்லை. வண்டி வைத்திருக்கிற எல்லோரிடமும் அந்தக் கடைக்குப் போகாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். "எங்க மாடி வூட்டுத் தம்பி கூடவே இருந்து பாத்துச்சு" என்று என்னையே சாட்சிக்கு இழுக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன், ஒருமுறை அல்ல.

போன வாரம் டீக்கடையில் அந்த மெக்கானிக் எதிரே வந்துவிட்டார். திரும்பிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

"அக்கா வண்டி இப்ப சத்தம் இல்லாம ஓடுதா சார்?" என்று கேட்டார்.