அப்பாவின் குரல் கத்திய கொல்லை

தமிழ் இலக்கியம் படித்த மூன்று வருடமும் தினைப்புனப் பாட்டுகளைக் காதல் பாட்டு என்றுதான் எனக்கு நடத்தினார்கள். பரண்மேல் நின்று ஒருத்தி கிளி விரட்டுவாள், ஒருவன் வருவான். மார்க் வாங்க அது போதும். அவள் போட்ட சத்தத்தைக் கேட்க அங்கே ஆள் இருந்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் கடலைக் கொல்லையில்தான் அது எனக்குப் புரிந்தது.

அரூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் நிலம். மயில் தொல்லை தாங்காமல் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொல்லையில் வைத்தோம். அப்பா "ஏய்! ஏய்!" என்று கத்தியதைத் தம்பி அதில் பதிவு செய்தான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை விட்டு விட்டுக் கத்தும். காவலுக்கு ஆள் தேவையில்லை என்று ஆனதும் தம்பி ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். எல்லோருக்கும் சௌகரியம்.

போன வருடம் ஒரு காலையில், பாத்திக்குத் தண்ணீர் மாற்றப் போன அப்பா வரப்பில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து எழ முடியவில்லை. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மதியம் நான் சோறு கொண்டுபோகும்வரை சேற்றில், வெயிலில் கிடந்து கத்தியிருக்கிறார். நான் பார்த்தபோது உதடு வெடித்திருந்தது, தொண்டையில் காற்றுதான் வந்தது. பெட்டி மட்டும் அவர் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரர் காலை முழுக்க அங்கேதான் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும் தூக்க ஓடிவந்தார்.

"உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

"கேட்டுச்சு கண்ணு. பொட்டின்னு நெனச்சுக்கிட்டேன். அண்ணன் கொரலு தெனமும் கேக்கறதுதானே?"

அவரை அறையலாம் போல இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம். அந்தப் பழைய பாட்டுகளில் பெண்ணின் குரலைக் கிளிகூட நின்று கேட்கும். இங்கே மனிதன் சாகக் கிடந்து கத்தினாலும் மெஷின் சத்தம். ஆளில்லாத விவசாயம் என்று பெருமை பேசுகிறவர்கள் அந்தச் சேற்றில் ஒரு காலை கிடந்து பார்க்கட்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்த அன்றே, அதுவரை கொல்லையில் கத்திக்கொண்டேயிருந்த பெட்டியைப் பிடுங்கி எறிந்தேன்.

"கடலைய யாரு காப்பாத்துவா? நீயா?" என்று அப்பா திட்டினார்.

"மயிலு தின்னா தின்னுட்டுப் போவுது" என்றேன்.

மறுநாள் காலை பக்கத்துக் கொல்லைக்காரர் மூச்சு வாங்க எங்கள் வாசலுக்கு ஓடிவந்தார்.

"சத்தத்தையே காணமே கண்ணு! அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

உள்ளே கட்டிலில் இருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"ஏன்டா, கத்துனா வரமாட்ட, சும்மா இருந்தா ஓடியாறியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை.