தடம் விழாத கை

உயிரைக் கொடுத்துப் பிசைவது ஒருத்தன், பேர் வாங்கிக்கொண்டு போவது இன்னொருத்தர். மசாஜ்காரன் இந்தக் கடுப்பை வருஷக்கணக்காக நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். அந்த இன்னொருத்தர் அக்கா புருஷனாகப் போய்விட்டதால் வெளியே துப்பவும் முடியவில்லை.

லாரி செட்டுக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே இரண்டு பேருக்கும் ஒரே கடை, ஒரே கட்டில். வருகிறவன் முதுகில் எண்ணெய் தடவி, கழுத்திலிருந்து இடுப்பு வரை அமுக்கி, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று கட்டைவிரலால் தேடி இளக்கிவிடுவான் மசாஜ்காரன். பிறகு எண்ணெயைத் துடைத்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொள்வான். அப்போதுதான் மாமா வருவார், சட்டை கசங்காமல். பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் காட்டி 'பக்'கென்று முதுகில் கவிழ்ப்பார். சதை உள்ளே மேடாக எழும்பும். எடுத்தால் கருஞ்சிவப்பாக வட்டம் வட்டமாகத் தடம். கையில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, "பாருங்க, கெட்டதெல்லாம் மேல வந்துருச்சு" என்பார்.

வந்தவன் வாய் பிளப்பான். "உங்க கைராசி சார்!"

பிசைந்த கைக்கு என்ன தடம் இருக்கிறது காட்ட? மிச்சமிருந்த எண்ணெயையும் அவனே துடைத்தாகிவிட்டது.

"வந்தவங்க எதிர்ல ஒரே ஒரு வாட்டி, 'பாதி வேல என் மாப்ளயோடது'ன்னு சொல்லச் சொல்லுக்கா. வாயில இருக்கிற முத்தா கொட்டிடும்?" என்று அக்காவிடம் கேட்டுப் பார்த்தான்.

"உனக்கு மேடை போட்டு மாலை போடணுமாக்கும். கையக் கழுவிட்டுச் சாப்பிட வா."

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் முதுகில் கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டு, வாசலில் யாரிடமோ தன் பெருமையை அளந்துகொண்டிருந்தார் மாமா. நேரம் போனதே தெரியவில்லை. எடுத்தபோது முதுகெல்லாம் நீர்க்கொப்புளம். டிரைவர் அலறி எழுந்தான். மாமாவுக்குக் கண் இமைகூட அசையவில்லை.

"ஏன் மாப்ளே, எண்ணெயச் சரியாத் துடைக்கலியா நீ? எத்தன வாட்டி சொல்றது உனக்கு?"

"விடுங்க சார். கத்துக்குட்டிய வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான் டிரைவர்.

தலை பாதி நரைத்த கத்துக்குட்டி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. கொப்புளத்துக்கு மருந்து தடவியதும் அவன் கைதான்.

பிறகு மாமாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆள் படுத்த படுக்கை. உடம்பு வற்றி எலும்பு துருத்தியது. படுத்துப் படுத்தே முதுகு வலி உயிரை வாங்கியது. கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி அக்காவை விரட்டினார்.

"தோல் தாங்காது மாமா. டாக்டரும் வேணாம்னுட்டாரு. நான் பிடிச்சு விடறேன்."

"என் முதுகுக்கு உன் கை எதுக்குடா? சொன்னதச் செய்."

செய்தான். வெறும் எலும்பில் கிண்ணம் எப்படிப் பிடிக்கும்? வைக்க வைக்க நழுவியது. ஒன்று தரையில் விழுந்து உடைந்தது. அக்கா பெருக்கி அள்ளினாள்.

ஒரு மதியம் அதே லாரி டிரைவர் இன்னும் இரண்டு பேரோடு பார்க்க வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "எத்தன வருஷ வலி சார், உங்ககிட்ட வந்துதான் போச்சு" என்றான். தண்ணீர் டம்ளரோடு தலைமாட்டில் நின்ற மசாஜ்காரன் மாமாவின் வாயையே பார்த்தான். இனிமேல் எப்போது சொல்லப் போகிறார்? இப்போதாவது சொல்லிவிட மாட்டாரா?

மாமா சிரமப்பட்டுச் சிரித்தார். "எல்லாம் கிண்ணம் பண்ற வேல."

அவர்கள் முன்னறைக்குப் போய் அக்கா கொடுத்த டீயோடு உட்கார்ந்ததும் மாமாவின் முகம் வலியில் சுருங்கியது. மசாஜ்காரனின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். அந்தக் கையை அவராக ஒருநாளும் தொட்டதில்லை.

"தாங்க முடியலடா மாப்ளே."

"என்ன செய்யணும், சொல்லுங்க மாமா."

முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் கடைசியாகக் கேட்டது இதைத்தான்.

"அவங்க இருக்காங்க. முதல்ல அந்தக் கதவச் சாத்து. அப்புறம் கை வை."