மூன்று குட்டிக் கோடுகளுக்கு மேலே

ரெஜினா இறந்த செய்தியை அவள் தம்பி மகள் ஷீலா தொலைபேசியில் சொன்னாள். "அத்தை காலைல போய்ட்டாங்க ஆன்ட்டி. தூக்கத்துலயே. நல்லவேளை, வலிப்பு வந்து போகல" என்றாள். முதல் வார்த்தைகளுக்கு எனக்கு அழுகை வந்தது. கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் அது நின்றுவிட்டது. செங்கல்பட்டில் அவளை அறிந்த நீங்கள் எல்லோரும் ரெஜினாவுக்கு வலிப்பு நோய் உண்டு என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருக்கிறீர்கள். அந்த நோயை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டுக் கத்துகிற வியாபாரிகள்கூட அவள் "நம்பர் ப்ளீஸ்" என்றால் அடங்கிவிடுவார்கள். என்னிடம் மட்டும் கத்துவார்கள். லைனில் வரும் 'ம்ம்' என்ற ஒலிக்குச் சுருதி சேர்த்து அவள் முனகிக்கொண்டே இருப்பாள். சூப்பர்வைசர் அம்மா ஒருநாள் முறைத்தபோது, "நான் இல்ல மேடம், லைன்ல கோளாறு" என்று கூசாமல் சொன்னாள். நான் சிரிப்பை அடக்க ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினேன்.

அவள் குடியிருந்த ரயில்வே காலனியில் அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது, தன் இசைத்தட்டுகளையும் ஒரு தடித்த பாட்டுப் புத்தகத்தையும் அவளிடம் விட்டுப் போனார். ஆப்பெரா என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பெண் குரல்களில் மிக உயர்ந்ததற்குச் சோப்ரானோ என்று பெயராம். அந்தச் சோப்ரானோக்களிலும் ஒரு சிலருக்கே எட்டுகிற சுரம் ஒன்று உண்டு. அதை எஃப் என்பாள். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். ஐந்து கோடுகளுக்குள் புள்ளிகள் நிற்க, ஒரு புள்ளி மட்டும் மேலே போய்விட்டிருந்தது. அதற்கென்று மூன்று குட்டிக் கோடுகள் போட்டு, அவற்றுக்கும் மேலே அதை உட்கார வைத்திருந்தார்கள். "பாத்தியா, கூரைமேல ஏறின காக்கா மாரி குந்திகினு கீது" என்றாள்.

அவள் அந்தக் காக்காயைப் பிடித்ததை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதக் குரல் போலவே இல்லை. சொல் இல்லை, வெறும் 'ஆ'. ஊசி போல மெலிந்து, ஆனால் நடுங்காமல் நின்றது. "தொண்டை கிழிஞ்சிடாதாடி?" என்று கேட்டேன். "கத்துனாதான் கிழியும். எட்டிக் குதிக்கக் கூடாது சரசு. மொதல்லயே மேல போய் நின்னுகினு கீழ பாக்கணும்" என்றாள். இந்த வார்த்தையை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் எட்டிக் குதித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு அவள் பாடும் கோயிலின் பாடகர் குழு பெரிய கச்சேரி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தது. ரெஜினாவுக்குத் தனிப்பாட்டு. மெட்ராஸிலிருந்து மேல்நாட்டு இசை சொல்லித் தரும் அம்மாள் ஒருவர் கேட்க வருவதாகவும், பிடித்திருந்தால் அவளைத் தன்னிடம் சேர்த்துக்கொள்வதாகவும் பேச்சு. அவள் வாழ்க்கையில் அந்தப் புள்ளிக்கு இருந்த ஒரே வாசல் அதுதான். வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டார் சுவரை இடித்தார்கள். அதனால் விடுமுறை ஞாயிறுகளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து மகாபலிபுரம் போவோம். ஊரைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத கரை. அவள் கடலைப் பார்த்துப் பாடுவாள். நான் எலுமிச்சம் சாதத்துக்குக் காவல் இருப்பேன்.

ஒரு ஞாயிறு காற்று மாறி, தோப்புக்குப் பின்னால் மறைந்திருந்த மீனவர் குப்பத்தின் பக்கம் அடித்தது. அது எங்களுக்கு உறைக்கவில்லை. அவள் பாட்டின் உச்சிக்குப் போய் அந்த எஃப்பைப் பிடித்தாள். அதுவரை இல்லாத நீளத்துக்கு நிறுத்தினாள். அவள் மூச்சு விடுவதற்குள் தோப்புக்குள்ளிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர், அவிழ்ந்த கூந்தலும் இடுப்பில் பிள்ளையுமாக, மாரில் அடித்துக்கொண்டு. ஒரு கிழவி மணலில் தடுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடி வந்தாள்.

"யாரு மரம்மே? யாரு மரம் கவுந்துச்சி? இன்னாமே பாத்த, சொல்லேன்!"

அந்தக் கரையில் ஆளில்லாமல் மிதந்து வரும் கட்டுமரத்தை முதலில் பார்க்கிற பெண் அப்படித்தான் குரல் எடுப்பாளாம். அதைக் கேட்டால் குப்பம் முழுதும் ஓடி வரும். அன்று விடியற்காலையில் போன மரங்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க. பாடுனேன்" என்றாள் ரெஜினா.

"பாட்டா? கடலுக்குப் போன ஆம்பளைங்க இன்னும் கரை ஏறல. நீ இங்க நின்னுகினு சாவ கூப்ட்றியா?"

ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. பயம் மட்டும் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வெட்கமும் இருந்தது. இப்படி ஒரு சத்தத்தைப் பாட்டு என்று சொல்லும் பைத்தியத்தோடு வந்தவளாக என்னையும் அவர்கள் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு வலிப்புங்க. வந்தா இப்படித்தான் கத்துவா" என்றேன்.

சட்டென்று எல்லாம் மாறிவிட்டது. கையை இழுத்தவளே அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். விழுந்து எழுந்த கிழவி தன் இடுப்பிலிருந்து ஒரு பழைய இரும்புச் சாவியை எடுத்து ரெஜினாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "இரும்பு, கண்ணு. இறுக்கிப் புடிச்சிக்கோ. அடங்கிடும்." ரெஜினா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து, சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் பொய்யை அவள் நடித்துக் காப்பாற்றினாள். கிழவி சாவியைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டாள். பஸ்ஸில் ரெஜினா சொன்னது ஒன்றுதான்: "அவங்களுக்குத் தெரியாது சரசு. ஒனக்குத் தெரியும் இல்ல?"

அந்தப் பெண்களில் ஒருத்தி செங்கல்பட்டுக்கு மீன் கொண்டு வந்து கோயில் தெருவில் விற்பவள். அடுத்த வாரமே, "அந்தப் பாட்டுக்காரப் பொண்ணுக்கு வலிப்பு இப்ப எப்டி கீது?" என்று அக்கறையோடு விசாரித்திருக்கிறாள். பேச்சு பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் காதுக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர். ரெஜினாவை நேரே கேட்டுச் சங்கடப்படுத்தக் கூடாதென்று எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீதான் கூடவே இருக்கிறவ. கச்சேரி நடுவுல வந்துச்சின்னா பேஜாரு. நெசமா, இல்லியா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே கடற்கரையில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பார். அதைவிட மோசமான ஒன்றும் என் மனத்தில் இருந்தது. ரெஜினா மெட்ராஸ் போய்விட்டால் என் பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். "எனக்குச் சரியாத் தெரியாது சார்" என்றேன். கடற்கரையில் சொன்னதற்குப் பயத்தைக் காரணம் காட்டலாம். இதற்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

தனிப்பாட்டு வேறொருத்திக்குப் போனது. அந்தப் பெண் பாவம், சாதாரண உயரத்திலேயே திணறினாள். மெட்ராஸ் அம்மாள் காபி குடித்துவிட்டுப் போனார். ரெஜினாவைப் பின் வரிசையில், தாழ்ந்த குரல்களோடு நிறுத்தினார்கள். தனக்கு வலிப்பு இல்லை என்று அவள் சொன்னதை, வலிப்பு உள்ளவர்கள் எல்லோரும் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் பின் வரிசையிலேயே பாடினாள். "கீழ பாட்றதும் நல்லாத்தான் கீதுடி. யாரும் ஓடி வர மாட்டாங்க" என்று ஒருநாள் என் டிபன் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். அதற்கும் நான் சிரித்தேன். வலிப்பு என்ற அந்த ஒரு சொல் இன்னும் எதை எதை அவளிடமிருந்து தட்டிப் பறித்தது என்று யோசிக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

அடக்கப் பூசையில் சாமியார், "நோயைப் பொறுமையோடு சுமந்த சகோதரி" என்றார். மூன்றாம் பெஞ்சில் இருந்தேன். எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அங்கேயும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் ஷீலா என் கையில் ஒரு பொருளைக் கொடுத்தாள். "அத்தையோட கைப்பைலயே இருந்துச்சி ஆன்ட்டி. வலிப்புக்காக வச்சிருந்தாங்க போல. ஒங்களுக்குன்னு ஒரு தடவ சொன்னாங்க." அந்தக் கிழவியின் சாவி. துரு இல்லாமல் இருந்தது.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: எதையும் திறக்காத ஒரு சாவி, அப்புறம் காற்று மாறி அடித்த ஒரு காலையில் மூன்று குட்டிக் கோடுகளுக்கு மேலே நின்ற ஒரு குரல். அந்தக் குரலைப் பாட்டென்று அறிந்து கேட்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பது அநேகமாக நான் மட்டும்தான். ஆகவே கொயர் மாஸ்டர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ரெஜினாவுக்கு வலிப்பு இல்லை. அன்றைக்கு அவள் பாடினாள்.