அடிக்கோடு போட்ட ப

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு ‘டிக்சனரி’ என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், நாற்பத்து மூன்று வயதில், சாப்பாட்டு நேரத்தில் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஒரே இங்கிலீஷ் வார்த்தையைப் பத்துத் தடவை முணுமுணுத்தால் வேறென்ன சொல்வார்கள்?

காலர் தைப்பது அவள் வேலை. ஒருநாள் சூப்பர்வைசர் இங்கிலீஷில் வந்த குறிப்பு ஒன்றை வாசித்துவிட்டு, “இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, நான் சொல்றதைச் செஞ்சாப் போதும்” என்றார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினாள். முதலில் வார்த்தை, பக்கத்தில் போன் சொல்லும் உச்சரிப்பு, அப்புறம் அர்த்தம், கடைசியில் அவளே கட்டிய ஒரு வாக்கியம். ‘டென்ஷன்’ என்பதற்கு இரண்டு அர்த்தம் எழுதினாள்: மெஷினில் நூலின் இறுக்கம்; சூப்பர்வைசர் கொடுப்பது.

‘ப’தான் படுத்தியது. தமிழில் எழுத்து ஒன்று, இங்கிலீஷில் சத்தம் இரண்டு: பேப்பரில் மெல்லியது, பஸ்ஸில் தடித்தது. தடித்த சத்தம் வரும் இடத்தில் ப-வுக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டாள்.

“இந்த வயசுல படிச்சு என்ன கிழிக்கப் போறே?” என்றார் கணவர்.

“என்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு எனக்குத் தெரியணும்.”

ஒருநாள், சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தார். காலர்களில் தையல் விட்டுவிட்டு விழுந்திருந்தது. சூப்பர்வைசர் பெண்களின் வரிசையைக் காட்டி என்னவோ சொன்னார். நடுவில் ‘கேர்லெஸ்’ என்றது அவள் காதில் விழுந்தது. அக்கறை இல்லாதவர்கள். நோட்டில் இருக்கிற வார்த்தை! ஊசியை மாற்றிக் கொடுங்கள் என்று அவள் மூன்று முறை கேட்டும், மூன்று முறையும் அடுத்த வாரம் என்றவர் அவரேதான்.

மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

“நோ கேர்லெஸ் சார். நீடில் பிளண்ட்.”

ஊசி மழுங்கிவிட்டது என்று சொல்ல வந்தாள். பதற்றத்தில் மெல்லிய ப வந்து தொலைத்தது. வந்தவர் விழித்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“உக்காரும்மா, மானத்தை வாங்காதே” என்றார் சூப்பர்வைசர்.

காது மடல் சுட்டது. உட்காரவில்லை. கோடு போட்ட ப-வை நினைத்து, உதட்டை அழுத்தி, தொண்டையிலிருந்து சத்தத்தைத் தள்ளினாள். “பிளண்ட்! த்ரீ டைம் ஐ ஆஸ்க்.” ஊசியைக் கழற்றி வந்தவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதன் முனையை நகத்தில் இழுத்துப் பார்த்தார். கீறாமல் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து நீளமாகப் பேசினார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாயிருந்தது. அன்று மதியமே வரிசை முழுக்கப் புது ஊசி வந்தது.

அடுத்த வாரம் அவளை நூல் நறுக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை.

“காரணத்தை எழுதிக் குடுங்க சார்” என்றாள் சூப்பர்வைசரிடம். “இங்கிலீஷ்லயே எழுதுங்க, படிச்சுக்குவேன்.”

அவர் கொடுக்கவில்லை. மூன்று மாதம் நின்றாள், கால் வீங்க வீங்க. அப்புறம் பெரிய ஆர்டர் ஒன்று வந்து, காலருக்குக் கை போதாமல், சாப்பாட்டு நேரத்தில் அவரே கூப்பிட வந்தார்.

“வரேன் சார். இன்னும் ரெண்டு வார்த்தை பாக்கி இருக்கு” என்றாள், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நின்றுகொண்டிருந்தார். அவள் அவசரப்படவில்லை.